லினக்ஸ் அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப்பில் வைஃபை காணோமா? ஃபார்மட் போடும் முன் இதைப் படிங்க!

நேற்று இரவு வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப். "அப்டேட் தயார்" என்று திரையில் வந்தது, சரி என்று கிளிக் செய்தீர்கள். காலையில் ஆன் செய்தால் மேல் ஓரத்தில் இருந்த வைஃபை குறியையே காணோம். 10 மணிக்கு ஆன்லைன் தேர்வு, 11 மணிக்கு ஆபீஸ் மீட்டிங். கையில் இருப்பது போன் மட்டும்தான்.

உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன், ஃபெடோரா என எதைப் பயன்படுத்தினாலும் என்றாவது ஒருநாள் இந்தச் சிக்கல் வரலாம். பதற்றத்தில் பலர் செய்வது ஒன்றுதான்: எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஃபார்மட் போடுவது. அதோடு போட்டோ, ப்ராஜெக்ட், சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் போய்விடும். சிலர் வைஃபை கார்டே போச்சு என்று நினைத்துப் புதுசு வாங்கிவிடுகிறார்கள்.

பெரும்பாலும் இரண்டுமே தேவையில்லை. ஏன்னா, நேற்று வரை வைஃபையை ஓட்டிய பழைய கெர்னல் இன்னும் உங்க லேப்டாப்பிலேயேதான் இருக்கு. அதற்குத் திரும்பிப் போவது எப்படி, பிறகு கோளாறைச் சரிசெய்வது எப்படி? பார்ப்போம்.

கெர்னல்னா என்ன? அது மாறினா வைஃபை ஏன் போகுது?

1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியதுதான் லினக்ஸ் கெர்னல். லேப்டாப்பில் உள்ள வன்பொருளுக்கும் நாம் திறக்கும் செயலிகளுக்கும் நடுவில் நின்று வேலை வாங்கும் மேஸ்திரி என்று அதைச் சொல்லலாம். வைஃபை, புளூடூத், சவுண்ட் என ஒவ்வொன்றையும் இயக்க கெர்னலுக்கு ஒரு டிரைவர் தேவை.

லினக்ஸில் ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் தனித்தனி டிரைவர் தொகுப்பு உண்டு. பழைய கெர்னலின் டிரைவர் ஃபைலைப் புதிய கெர்னல் ஏற்காது. எனவே புதிய கெர்னல் வரும்போது, அதற்கான வைஃபை டிரைவரும் கூடவே வந்தாக வேண்டும். அந்த இடத்தில் சின்னத் தவறு நடந்தாலும் லேப்டாப் வழக்கம்போல ஆன் ஆகும், படம் ஓடும், பாட்டு கேட்கும். நெட் மட்டும் வராது.

"நான் வெறும் பாதுகாப்பு அப்டேட்தானே போட்டேன்?" என்று கேட்கலாம். உபுண்டு 22.04 பதிப்பையே எடுத்துக்கொள்வோம். 2022 ஏப்ரலில் அது வெளியானபோது இருந்தது 5.15 கெர்னல். புதிய லேப்டாப்களுக்கும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, அதே 22.04-ல் கெர்னல் 5.19, 6.2, 6.5, 6.8 என்று அடுத்தடுத்து மாறியது. திரையில் அதே உபுண்டுதான். உள்ளே இருப்பது வேறு கெர்னல்.

முதலில் 2 நிமிடச் சோதனை

கெர்னல் மேல் பழி போடும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

* அதே வைஃபையில் உங்கள் போன் இணைகிறதா? போனிலும் நெட் வரவில்லை என்றால் பிரச்சினை ரூட்டரில் இருக்கிறது.

* லேப்டாப்பில் வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லையா? அப்படியென்றால் டிரைவர் வேலை செய்கிறது. விபிஎன், டிஎன்எஸ் போன்ற அமைப்புகளைப் பாருங்கள்.

* ஏரோபிளேன் மோட் ஆன் ஆகியிருக்கிறதா? கீபோர்டில் விமானப் படம் போட்ட பட்டனைக் கை தவறி அழுத்தியிருக்கலாம்.

* ரீஸ்டார்ட் வேண்டாம், முழுமையாக ஷட்டவுன் செய்து, சார்ஜரையும் கழற்றி, ஒரு நிமிடம் கழித்து ஆன் செய்யுங்கள். சிக்கிக்கொண்ட வைஃபை சிப் சில நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

* ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் இருக்கிறதா? விண்டோஸில் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி, ஷட்டவுன் செய்த பிறகும் வைஃபை கார்டைப் பாதி உறக்கத்தில் விட்டுவைப்பதுண்டு. அதை அணைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். விண்டோஸில் வைஃபை ஓடினால், கார்டு நன்றாக இருக்கிறது என்பதும் உறுதி.

பழைய கெர்னலுக்குத் திரும்புவது எப்படி?

இதுதான் முக்கியமான கட்டம். புதிய கெர்னலை நிறுவும்போது உபுண்டுவும் மின்ட்டும் பழையதை உடனே அழிப்பதில்லை. முந்தைய ஒன்றையாவது வைத்திருக்கும். ஃபெடோரா வழக்கமாக 3 கெர்னல்களை வைத்திருக்கும்.

1. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கம்பெனி லோகோ தெரிந்ததும் எஸ்கேப் பட்டனை ஒருமுறை தட்டுங்கள். பழைய மாடல் லேப்டாப் என்றால் ஷிஃப்ட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். விண்டோஸும் சேர்த்துப் போட்டிருப்பவர்களுக்கு இந்த மெனு தானாகவே வரும்.

2. க்ரப் என்ற மெனு வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று தொடங்கும் வரியைத் தேர்வு செய்யுங்கள். ஃபெடோராவில் கெர்னல் பட்டியல் நேராகவே தெரியும்.

3. பட்டியலில் மேலே இருப்பது புதிய கெர்னல். அதற்கு அடுத்த எண்ணுள்ள பழைய கெர்னலைத் தேர்வு செய்து என்டர் தட்டுங்கள். 'ரெகவரி மோட்' என்று முடியும் வரி வேண்டாம்.

எஸ்கேப்பை அதிகமாகத் தட்டிவிட்டால் வெறும் கறுப்புத் திரையில் க்ரப் என்று மட்டும் நிற்கும். பயப்பட வேண்டாம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

வைஃபை வந்துவிட்டதா? அப்படியானால் கார்டு பத்திரம், கோளாறு புதிய கெர்னலில்தான். தேர்வையோ மீட்டிங்கையோ இப்போதே முடித்துவிடலாம். ஆனால் ஒன்று: இந்தத் தேர்வு அந்த ஒருமுறைக்கு மட்டும்தான். அடுத்து ஆன் செய்யும்போது பொதுவாகப் புதிய கெர்னலுக்கே போகும்.

பழைய கெர்னலிலும் வைஃபை வரவில்லையா? அதுவும் ஒரு துப்புதான். கெர்னலோடு மாறாத வேறு ஏதோ ஒன்றில் கோளாறு இருக்கிறது. கீழே காரணம் 3, காரணம் 4 இரண்டையும் முதலில் படியுங்கள்.

அவசரமா நெட் வேணுமா? போன் இருக்கே!

வைஃபை டிரைவர் இல்லாத லேப்டாப்புக்குப் போனின் ஹாட்ஸ்பாட்டால் பயன் இல்லை. ஏன்னா ஹாட்ஸ்பாட்டும் வைஃபைதான். இங்கே கைகொடுப்பது யுஎஸ்பி டெதரிங்.

ஆண்ட்ராய்டு போனைக் கேபிள் மூலம் லேப்டாப்பில் இணைத்து, செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங் பகுதிக்குப் போய், யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லேப்டாப்பில் வயர் இணைப்பு வந்ததாகக் காட்டும். சில மலிவு கேபிள்களில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், டேட்டா போகாது. எனவே போனுடன் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். போன் வீட்டு வைஃபையில் இணைந்திருந்தால் பெரும்பாலான மாடல்களில் அந்த நெட்டே லேப்டாப்புக்கும் போகும். இல்லாவிட்டால் மொபைல் டேட்டா செலவாகும். அப்டேட் ஃபைல்கள் சில நூறு எம்பி வரை போகலாம், பேலன்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூட்டர் பக்கத்திலேயே இருந்து, லேப்டாப்பில் லேன் போர்ட் இருந்தால் லேன் கேபிள் இதைவிட நல்லது.

ஆர்ச் லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: அங்கே அப்டேட் செய்ததும் பழைய கெர்னலின் டிரைவர்கள் நீக்கப்பட்டுவிடும். எனவே அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் செய்யும் வரை, புதிதாகச் செருகும் யுஎஸ்பி இணைப்புகள் வேலை செய்யாமல் போகலாம். முதலில் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

நோய் எது? கண்டுபிடிக்க 3 கட்டளைகள்

இப்போது வழக்கம்போல புதிய கெர்னலில் லேப்டாப்பை ஆன் செய்யுங்கள். கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் உபுண்டுவிலும் மின்ட்டிலும் டெர்மினல் திறக்கும். கீழே உள்ள கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்யுங்கள். எழுத்து எழுத்தாகவே தருகிறோம். இவை எதையும் மாற்றாது, தகவலை மட்டும் காட்டும்.

* யு-என்-ஏ-எம்-இ, இடைவெளி, மைனஸ், ஆர்: இப்போது ஓடும் கெர்னலின் எண் வரும். குறித்து வையுங்கள்.

* எல்-எஸ்-பி-சி-ஐ, இடைவெளி, மைனஸ், கே: லேப்டாப்பில் உள்ள கருவிகளின் பட்டியல் வரும். அதில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியைத் தேடுங்கள். இன்டெல், ரியல்டெக், பிராட்காம், மீடியாடெக் என்று வைஃபை சிப்பின் பெயர் இருக்கும். அதன் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருக்கிறதா? இருந்தால் டிரைவர் இணைந்திருக்கிறது. இல்லையென்றால் டிரைவர் இல்லை. விஷயம் இந்த ஒரு வரியில்தான்.

* ஆர்-எஃப்-கே-ஐ-எல்-எல், இடைவெளி, எல்-ஐ-எஸ்-டி: வைஃபை எங்காவது முடக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும். 'சாஃப்ட் பிளாக்டு' என்பதற்கு எதிரே எஸ் என்று இருந்தால், லிஸ்ட் என்ற இடத்தில் அன்பிளாக் ஆல் என்று டைப் செய்தால் போதும். 'ஹார்டு பிளாக்டு' என்றால் லேப்டாப்பில் உள்ள பட்டன் அல்லது பயாஸ் அமைப்பைப் பாருங்கள்.

காரணம் 1: அப்டேட் பாதியில் நின்றது

உபுண்டுவில் கெர்னல் ஒரே பேக்கேஜாக வருவதில்லை. பல டிரைவர்கள் 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா' என்ற தனிப் பேக்கேஜில் இருக்கும். நடுவில் நெட் போனாலோ, லேப்டாப் அணைந்தாலோ, கெர்னல் ஃபைல்கள் இருக்கும் 'பூட்' பகுதியில் இடம் இல்லாமல் போனாலோ கெர்னல் மட்டும் வந்து இந்தப் பேக்கேஜ் வராமல் போகலாம். வைஃபையோடு சவுண்டும் சேர்ந்து போயிருந்தால் இதன்மேல்தான் சந்தேகப்பட வேண்டும்.

தீர்வு: பழைய கெர்னலில் நுழைந்து, நெட் இணைத்து, 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் லினக்ஸ்-ஜெனரிக்' என்ற கட்டளையைக் கொடுங்கள். விடுபட்டது தானாக வந்து சேரும். உங்கள் லேப்டாப்பில் புதிய வரிசை கெர்னல் இருந்தால் லினக்ஸ்-ஜெனரிக் என்பதோடு மைனஸ், எச்-டபிள்யூ-இ, மைனஸ், 22.04 என்று பதிப்பு எண்ணும் சேரும். பூட் பகுதி நிரம்பியிருந்தால் முதலில் 'சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ்' கொடுத்து, தேவையற்ற பழைய கெர்னல்களை நீக்கி இடம் உண்டாக்குங்கள்.

காரணம் 2: வெளியிலிருந்து போட்ட டிரைவர்

இன்டெல் போன்ற நிறுவனங்களின் வைஃபை டிரைவர்கள் கெர்னலுக்கு உள்ளேயே இருக்கும். கெர்னல் மாறினால் அவையும் சேர்ந்து மாறிவிடும். ஆனால் சில பிராட்காம், ரியல்டெக் சிப்களுக்கு டிரைவரை வெளியிலிருந்து தனியாகப் போட வேண்டியிருக்கும். அதை ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் தகுந்தபடி மீண்டும் தயார் செய்யும் கருவிதான் டிகேஎம்எஸ். 2003-ல் டெல் நிறுவனப் பொறியாளர்கள் உருவாக்கியது.

நல்ல உதாரணம், பழைய மேக்புக்குகளில் உள்ள பிராட்காம் 4360 சிப். அதன் 'டபிள்யூஎல்' டிரைவரை பிராட்காம் கடைசியாகப் புதுப்பித்தது 2015-ல். அதன் பிறகு கெர்னல் எத்தனையோ முறை மாறிவிட்டது. டெபியன், உபுண்டு குழுக்கள்தான் அந்தப் பழைய டிரைவருக்கு ஒட்டுப்போட்டு ஓட்டி வருகின்றன. ஒட்டு வரும் முன் புதிய கெர்னல் வந்துவிட்டால், டிரைவர் தயாராகாது. வைஃபையும் வராது.

டி-கே-எம்-எஸ், இடைவெளி, ஸ்டேட்டஸ் என்று கொடுத்துப் பாருங்கள். முன்பு குறித்து வைத்த புதிய கெர்னல் எண்ணுக்கு எதிரே 'இன்ஸ்டால்டு' என்று இல்லையென்றால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

தீர்வு: பெரும்பாலும் காணாமல் போயிருப்பது 'லினக்ஸ்-ஹெடர்ஸ்' பேக்கேஜ். அது இல்லாமல் டிரைவர் தயாராகாது. 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்' கொடுத்து, பிறகு 'சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்' கொடுங்கள். கட்டளையே வேண்டாம் என்றால் உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்ற செயலியைத் திறந்து, வைஃபை டிரைவரை ஒருமுறை நீக்கி மறுபடி தேர்வு செய்யலாம். அப்போதும் பிழை வந்தால், அந்த டிரைவர் புதிய கெர்னலுக்கு இன்னும் தயாராகவில்லை என்று பொருள். டிரைவர் அப்டேட் வரும் வரை பழைய கெர்னலில் ஓட்டுங்கள்.

காரணம் 3: செக்யூர் பூட் தடுக்கிறது

கையெழுத்து இல்லாத டிரைவரைச் செக்யூர் பூட் உள்ளே விடாது. வெளியிலிருந்து டிரைவர் போடும்போது உபுண்டு ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரையில் 'மோக் மேனேஜ்மென்ட்' என்று வரும். சுமார் 10 விநாடிக்குள் ஒரு பட்டனைத் தட்டி, 'என்ரோல் மோக்' தேர்வு செய்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அந்த நேரம் டீ குடிக்கப் போயிருந்தால் திரை தானாகக் கடந்துவிடும், டிரைவர் வெளியே நிற்கும். அணைத்து வைத்திருந்த செக்யூர் பூட், பயாஸ் அப்டேட்டுக்குப் பின் ஆன் ஆகியிருந்தாலும் இதே கதைதான்.

தீர்வு: 'சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி', இடைவெளி, இரண்டு மைனஸ், 'என்ரோல்-கீ' என்று கொடுத்தால் உபுண்டு மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட் செய்து, இந்த முறை திரை முன்னாலேயே உட்கார்ந்திருங்கள்.

பயாஸில் செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். விண்டோஸும் இருந்து, அதில் பிட்லாக்கர் போட்டிருந்தால் கவனம். அணைத்ததும் விண்டோஸ் ரெகவரி கீ கேட்கும். அது கையில் இல்லையென்றால் விண்டோஸ் ஃபைல்களைத் திறக்கவே முடியாமல் போகலாம்.

காரணம் 4: ஃபர்ம்வேர் இல்லை

டிரைவர் இருந்தாலும், வைஃபை சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் ஃபைல் இல்லாவிட்டால் வேலை நடக்காது. 'சூடோ டி-மெசேஜ்' என்று பலர் சொல்லும் கட்டளையை டி-எம்-இ-எஸ்-ஜி என்று டைப் செய்ய வேண்டும். வரும் வரிகளில் ஃபர்ம்வேர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'ஃபெயில்டு' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உபுண்டுவில் 'லினக்ஸ்-ஃபர்ம்வேர்' பேக்கேஜை மீண்டும் நிறுவுங்கள். டெபியனில் 2023-ல் வந்த 12-வது பதிப்பிலிருந்துதான் இத்தகைய ஃபர்ம்வேர் நிறுவும்போதே சேர்ந்து வருகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் தனியாகச் சேர்க்க வேண்டும்.

காரணம் 5: தவறு கெர்னலிலேயே இருக்கலாம்

இதுவும் நடந்திருக்கிறது. 2023 டிசம்பரில் கெர்னலின் வைஃபை பகுதியில் சேர்க்கப்பட்ட ஒரு சின்னத் திருத்தம், 6.6.5, 6.1.66 ஆகிய பதிப்புகளில் பல லேப்டாப்களின் நெட்வொர்க்கை முடக்கியது. டெபியன் 12.4 வெளியானபோது அதில் இருந்தது இந்த 6.1.66 கெர்னல்தான். சில நாட்களிலேயே 6.6.6, 6.1.67 பதிப்புகள் வந்தன. அவற்றில் செய்யப்பட்ட வேலை, அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெற்றது மட்டுமே. அந்த வாரம் அவசரப்பட்டு ஃபார்மட் போட்டு, அதே பதிப்பை மறுபடி நிறுவியவருக்கு அதே கோளாறுதான் திரும்ப வந்திருக்கும். பழைய கெர்னலில் காத்திருந்தவருக்கு ஃபைலும் போகவில்லை, வேலையும் நிற்கவில்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் புதிய கெர்னல் வராமல் தற்காலிகமாக நிறுத்தலாம். 'சூடோ ஏபிடி-மார்க் ஹோல்டு' என்று கொடுத்து, பின்னால் லினக்ஸ்-ஜெனரிக், லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக், லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் மூன்றையும் இடைவெளி விட்டு எழுதுங்கள். திருத்தம் வந்ததும் ஹோல்டு என்ற இடத்தில் அன்ஹோல்டு என்று கொடுத்து விடுவிக்க மறக்காதீர்கள். கெர்னல் அப்டேட்டில் பாதுகாப்பு ஓட்டைகளுக்கான அடைப்பும் வருகிறது. சில நாட்கள் நிறுத்தி வைக்கலாம், மாதக்கணக்கில் கூடாது.

இவ்வளவு செய்தும் வரலையா?

வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, 'ட்ரை உபுண்டு' முறையில் உங்கள் லேப்டாப்பை ஆன் செய்யுங்கள். இதில் ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது. அங்கே வைஃபை வந்தால் கார்டு நன்றாக இருக்கிறது, நிறுவியிருக்கும் லினக்ஸில்தான் கோளாறு. அங்கேயும் வரவில்லை, விண்டோஸிலும் வரவில்லை என்றால்தான் கார்டின் மேல் சந்தேகப்பட வேண்டும். சர்வீஸ் கடைக்குப் போனாலும் இந்த விவரத்தைச் சொல்லிவிட்டு, "டேட்டாவுக்கு பேக்கப் எடுக்காம ஃபார்மட் போடாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பென் டிரைவில் ஓடும் உபுண்டுவிலிருந்தே முக்கிய ஃபைல்களை வேறொரு ஹார்ட் டிஸ்க்குக்கு நீங்களே நகல் எடுக்கவும் முடியும்.

அடுத்த முறை மாட்டாமல் இருக்க

* தேர்வு, இன்டர்வியூ, முக்கிய மீட்டிங்குக்கு முந்தைய இரவு கெர்னல் அப்டேட் வேண்டாம். ஓய்வு இருக்கும் நாளில் செய்யுங்கள்.

* அப்டேட் ஓடும்போது சார்ஜர் இணைந்திருக்கட்டும். முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து, வைஃபை வருகிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

* புதிய கெர்னல் சில நாட்கள் நன்றாக ஓடும் வரை பழையதை நீங்களாக அழிக்காதீர்கள்.

* ஆர்ச் பயன்படுத்துபவர்கள் 'லினக்ஸ்-எல்டிஎஸ்' கெர்னலையும் நிறுவி வைத்தால், ஆபத்துக்கு இரண்டாவது கெர்னல் ஒன்று இருக்கும்.

* உங்கள் வைஃபை சிப்பின் பெயரையும், வைஃபை நன்றாக ஓடும் கெர்னலின் எண்ணையும் இன்றே போனில் குறித்து வையுங்கள். புதிய லேப்டாப் வாங்கும்போதும் கெர்னலுக்குள்ளேயே டிரைவர் உள்ள சிப்பா என்று பார்த்து வாங்கினால் இந்தத் தலைவலியில் பாதி குறையும்.

* டேட்டா போகும் யுஎஸ்பி கேபிள் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.